ஆறு கட்டையில் பாடியவள்

சிவகிரியில் ஒரு கொடை விழா மேடையில், வள்ளி வேடம் பூண்டு பரண்மேல் நின்று கிளி விரட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது, மேல் சட்ஜமச் சுரத்தில் என் குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. வலி இல்லை. ஆர்மோனியம் வாசித்த அண்ணாச்சி அவ்விடத்தைத் தம் விரல்களால் நிரப்பிவிட்டார். சபையோர் எவரும் அறியவில்லை. நான் அறிந்தேன்.

தொண்டையைக் கொண்டு பிழைப்போர் பலர். பாடுவோர் மட்டுமல்லர், பாடம் சொல்வோர், ஏலம் கூறுவோர் எல்லோரும் அவருள் அடங்குவர். அவர்களுள் எவருக்கேனும் இது நேர்ந்திருந்தால், நான் செய்த தவற்றை அவர் செய்யாதிருக்கட்டும் என்றே இதனை எழுதுகிறேன். நாடகப் பாட்டுப் புத்தகங்களிலிருந்து எழுத்துக் கற்றவள் நான். பிழை காணின் பொறுத்தருள்க.

அந்நாளில் என் பாட்டுகள் மூன்று இசைத்தட்டுகளில் வெளிவந்திருந்தன; விரைவில் நான்காவதும் வந்தது. முதலாவதைப் பதிந்தபோது ஒலிவாங்கி வந்திருக்கவில்லை. ஒரு பெரிய தகரக் குழாய்க்குள் முகத்தை நுழைத்துப் பாடவேண்டும். மேல் சுரம் நெருங்கினால் ஒலி மிகுந்து பதிவு கெடாதிருக்க, பின்னால் நிற்பவர் என் தோளைப் பற்றி இழுப்பார். பாட்டு முடிந்ததும், “தென்காசி உலகம்மாள்” என்று என் பெயரை நானே சொல்லவேண்டும். அந்தப் பெயரைச் சொல்கையில் எனக்கு மூச்சு வாங்குவது இன்றும் அத்தட்டில் கேட்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் குரல் அகன்று, தெளிந்து ஒலிக்கும். நான்காவதில், கூர்ந்து கேட்பவர்க்கு, சொற்களின் ஓரத்தில் ஒரு கரகரப்புத் தெரியும். சிவகிரிக்குப் பின் பதிந்தது அது.

இழந்ததை மீட்க நானே ஒரு வழி கண்டேன். தினமும் விடிந்ததும் கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்து, முதல் தட்டை வைத்து, அதனோடு சேர்ந்து பாடுவேன். பத்தொன்பது வயதில் எட்டிய சுருதியை இப்போதும் எட்டவேண்டும் என்பது என் பிடிவாதம். எட்டவில்லை. எட்டாததனால் இன்னும் உரக்கப் பாடினேன். இப்படி மூன்று ஆண்டுகள் சென்றன. முடிவில், பேசும்போதே குரல் உடைந்தது.

திருநெல்வேலியில் தொண்டை வைத்தியர் ஒருவர் இருந்தார். என் நாக்கைத் துணியால் பற்றி வெளியே இழுத்து, காம்பு நீண்ட சிறு கண்ணாடியை உள்ளே செலுத்திப் பார்த்தார்.

“எத்தனை நாளா இந்தக் கரகரப்பு?”

“மூணு வருசமா இருக்குதுய்யா.”

“தொண்டைக்கு ஓய்வு குடுத்தீங்களா?”

“ரொம்பப் பாடுததில்லைய்யா. காலையில ஒரு மணி நேரம் சாதகம் பண்ணுதேன், அவ்வளவுதான்.”

“உங்க ஊர்ல அதுக்குப் பேரு ஓய்வாம்மா?” என்று கேட்டுக் கை கழுவினார்.

என் குரல்நாண்களில் (மூச்சுக் காற்றால் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரு மடிப்புகள்) பக்கத்திற்கு ஒன்றாக முடிச்சுகள் (உராய்வினால் தடிக்கும் காய்ப்பு) இருந்தன. நாற்பது நாட்கள் ஒரு சொல்லும் பேசலாகாது; கிசுகிசுப்பதும் கேடு. சுருங்காவிடில் கத்தி வைக்கவேண்டும். “வச்சா குரல் எப்படி வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்,” என்றார். அப்போது ஆனி மாதம். ஐந்தாம் தட்டுக்கு ஐப்பசியில் வருமாறு கம்பெனியார் கடிதம் எழுதியிருந்தனர்.

தென்காசியில் இருந்தால் யாரேனும் பேச்சுக் கொடுப்பர் என்று, என் தமக்கை சண்முகத்தாய் என்னைக் குற்றாலத்தில் ஒரு வாடகை வீட்டிற்கு அழைத்துச் சென்றாள். சாரல் தொடங்கியிருந்தது. பேசாதிருப்பவளுக்கு அமைதி வாய்க்கும் என்று எண்ணுவோர் உண்டு. எனக்கு வாய்க்கவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. அருவிவரை நடந்தேன், திரும்பினேன், இலஞ்சிவரை நடந்தேன், நனைந்து திரும்பினேன். அருவியில் ஒருத்தி என்னை முழங்கையால் இடித்துத் தள்ளி என் இடத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளை ஏசவும் எனக்கு வழியில்லை. நான் சிலேட்டில் எழுதிக் காட்டியதைக் கண்டு, என்னைச் செவிடி என்று கருதிய கடைக்காரர், விலையை என் காதருகே வந்து கத்தினார்.

“ஏட்டி, வாயால ஊர மிரட்டுனது போதாதுன்னு இப்ப சிலேட்டால மிரட்டுதியோ,” என்பாள் அக்காள், நான் உப்புக் குறைவென்று எழுதிக் காட்டினால்.

நாற்பத்தோராம் நாள் வைத்தியர் பார்த்து, முடிச்சுகள் பாதியாகச் சுருங்கிவிட்டன என்றார். மெல்லப் பேசலாம், சிறிது பாடலாம், எல்லை மீறலாகாது. மகிழ்ச்சியோடு தென்காசிக்கு வந்தேன். மறுநாள் காலையே பெட்டிக்குச் சாவி கொடுத்து முதல் தட்டை வைத்தேன். நான் எங்குளேன் என்று அறிய எனக்கு வேறு அளவுகோல் இல்லை. ஒன்பதாம் நாள் குரல் மீண்டும் உடைந்தது. அதனை எவரிடமும் சொல்லவில்லை. கத்தி என்ற சொல் நினைவுக்கு வரும்போதெல்லாம் எழுந்து முற்றத்தைச் சுற்றுவேன்.

அப்படியொரு முற்பகலில், உடல்நலம் விசாரிக்க அண்ணாச்சி தம் ஆர்மோனியப் பெட்டியுடன் வந்தார். உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏட்டி உலகு, யாரு இது பாடுதது?”

“நாந்தான் அண்ணாச்சி. மொதத் தட்டு. மறந்துட்டியளா?”

“ஒனக்குச் சுதி அஞ்சு கட்டை. பக்கத்துல இருந்து வாசிச்சவன் நான். இவ ஆறுல பாடுதாளே.”

உட்கார்ந்து, தம் ஆர்மோனியத்தைத் திறந்து, ஆறாம் கட்டையை அழுத்தினார். தட்டில் பாடியவளோடு அது பிசகின்றி இணைந்தது.

“பெட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கோ?” என்று அடுக்களையிலிருந்து அக்காள் கேட்டாள்.

அண்ணாச்சி கிராமபோனைக் குனிந்து பார்த்தார். தட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒரு கோடியில் நின்றது. அதனை அங்கே நிறுத்தியவள் நானே. மூன்று ஆண்டுகளுக்கு முன் பெட்டியின் சுருள்வில் தளர்ந்து, பாட்டு முனகலாக இழுத்தபோது, வேகம் வரட்டும் என்று கடைசிவரை திருகினேன். பின்னர்க் கடைத்தெருவில் கொடுத்துப் புது வில் போட்டுக்கொண்டேன். திருகைப் பழைய இடத்திற்குக் கொண்டுவரவில்லை. பாட்டுத் துள்ளி ஒலித்தது. இளமை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தைத் தட்டின் விளிம்பில் செருகி, மடிக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றுகளை எண்ணினார். நிமிடத்திற்கு எழுபத்தெட்டு இருக்கவேண்டும். எண்பத்தெட்டு இருந்தது.

“மூணு வருசமா ஒரு பொம்பளைய வெரட்டிக்கிட்டு ஓடியிருக்க,” என்றார். “அப்படி ஒருத்தி பொறக்கவே இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பிலும் குரல் இல்லை.

வைத்தியரிடம் அனைத்தையும் ஒப்புக்கொண்டேன். மறுபடியும் நாற்பது நாட்கள் விதித்தார். “இந்தத் தடவை அந்தப் பெட்டிக்கும் சேர்த்து,” என்றார். அந்நாட்களை நான் எவ்வாறு கழித்தேன் என்று விவரிக்கப் போவதில்லை. நடந்தேன். முடிவில் ஒரு முடிச்சு மறைந்திருந்தது. மற்றொன்று எள்ளளவாக எஞ்சியிருந்தது. அது கரையாது, கத்தியும் வேண்டாம், ஆனால் ஐந்து கட்டை இனிக் கூடாது என்பது அவர் தீர்ப்பு.

ஐப்பசியில் நான்கு கட்டையில் பாடினேன். கம்பெனியிலிருந்தவர் முகம் சுளித்தார். “சுதி எறங்கிப் போச்சே, ஜனங்க கேப்பாங்களா?”

“பழைய சுதிதான் வேணும்னா, வீட்டுல பெட்டித் திருகத் திருகிக்கிடச் சொல்லுங்க,” என்றார் அண்ணாச்சி.

அத்தட்டு வெளிவந்தது. அதன் பின் வேறெதுவும் பதியவில்லை. வள்ளி வேடமும் எனக்கு மீண்டும் வரவில்லை. தாய் வேடங்களில் பல ஆண்டுகள் பாடினேன்.

இப்போதும் ஐந்து தட்டுகளையும் வரிசையாக வைத்துக் கேட்பதுண்டு. ஒவ்வொரு முறையும் காகிதம் செருகிச் சுற்றுகளை எண்ணிய பின்னரே ஊசியை வைக்கிறேன். முதல் தட்டிலிருப்பவள் நான் நினைத்திருந்ததைவிட நிதானமாகப் பாடுகிறாள்; சற்று அஞ்சுகிறாள். அவள் மேல் சட்ஜமத்தை நெருங்கும்போது, வாய் மூடியிருந்தும், என் தொண்டையில் அந்த எள் இருக்கும் இடம் இறுகுகிறது. கழுத்தில் இரு விரல் வைத்து, தளரட்டும் என்று காத்திருக்கிறேன். அவள் பாடி முடித்துத் தன் பெயரைச் சொல்லிவிடுகிறாள். ஊசி வெறுந்தட்டில் உராயத் தொடங்கிவிடுகிறது. சில நாட்களில் அதன் பிறகும் என் விரல்களின் கீழே அது தளராமல் நிற்கிறது.