மூன்றாவது சென்சார்

தெருவே அவரைப் ‘பசை மெக்கானிக்’ என்றுதான் கூப்பிடும். எங்கே கசிந்தாலும் சிலிக்கான் பசையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வீட்டுக் குழாய், ஜன்னல் ஓரம், மனைவியின் செருப்பு என்று எதுவும் அவரிடம் தப்பியதில்லை. கைராசிக்காரர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மா காரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் போயிருந்தது. புகையை மோந்து பார்த்து, பெட்ரோலைக் கூட்டு, குறை என்று இன்ஜினுக்குச் சேதி சொல்லும் சின்னச் சாமான் அது. புதிது மாட்டினார். ஒரே மாதத்தில் அதுவும் போனது. இன்னொன்று மாட்டினார், அதற்கும் அதே கதி.

இரண்டும் மனைவியின் தம்பி கடையில் வாங்கியவை. மனிதர் நேரே அங்கே போய், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, “போலிச் சரக்கை வித்து என் தலையிலயே கட்டுறியா?” என்று கத்திவிட்டு வந்தார். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியின் போன் வந்தால் மட்டும் மாடிக்குப் போய்ப் பேசினாள். அதுதான் அவரைக் குடைந்தது.

மூன்றாவதை வேறு கடையில் வாங்கினார். புகைக்குழாய் ஆறட்டும் என்று உட்கார்ந்தவர், பொழுது போகாமல் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல்முறை. சிலிக்கான் பசையின் ஆவி பட்டாலே சென்சார் கெட்டுவிடும், நுனி வெளுத்துவிடும் என்று போட்டிருந்தது. பழையதைக் கழற்றினார். நுனி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அதற்கு முன்னால் இருந்த குழாய் இணைப்பில், கசிவை அடைக்க அவர் கைப்படப் பூசிய பசை வழிந்திருந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, அந்த இணைப்பை அடைக்க உலோக வளையமான கேஸ்கெட் போட்டுப் புதிய சென்சாரை மாட்டினார். விளக்கு அணைந்தது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மச்சான் கடைக்கு நடந்தார்.

கடையில் மச்சானைத் தவிர ஆளில்லை. அவர் வாசலிலேயே நின்றார்.

“என்ன மாமா வேணும்?” குரலில் பழைய ஒட்டுதல் இல்லை.

“ஒண்ணும் வேணாம். நாலு பேர் வரட்டும்னு நிக்கிறேன்.”

“எதுக்கு?”

“நாலு பேர் முன்னாடிதானே உன்னைப் போலின்னேன். சாமான் நல்ல சாமான்டா. கெடுத்தது நான். அதையும் நாலு பேர் கேக்கணும்ல.”

மச்சான் முக்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, போனை எடுத்தான்.

“அக்கா, உடனே கடைக்கு வா. இங்க ஆள் குறையுது.”