தொலைபேசிக்குப் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், பக்கத்து வீட்டுப் பெண் மாவு பிசைந்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கலகலாவுக்கான மாவு. மைதாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடியிருந்தாள். அவளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் வலி வந்துவிட்டது, கால்கள் வீங்கியிருந்தன, கண் மங்குகிறது என்றும் சொன்னாள். பெரம்பலூர் மருத்துவர் அவள் கையில் கட்டியிருந்த இரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றும்போதே திருச்சிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

அவள் கணவர் அரியலூர்த் தடத்தில் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். திருச்சிக்குப் போகும் வழியில் வாடகைக் கார் வாசலில் நிற்க, அவர் என்னிடம் ஓடி வந்தார்.

"சார், போன் உங்க வூட்லதான் இருக்கு. டாக்டரு என்ன சொல்றாருன்னு தெரிஞ்சதும் பண்றேன். புள்ளைங்களப் பாத்துக்குங்க சார்."

"நான் இருக்கேன். நீங்க கெளம்புங்க தம்பி."

பிள்ளைகள் இருவர், இரண்டும் பெண்கள். பெரியவள் ஐந்தாம் வகுப்பு. சின்னவள் அந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். அவர்களுடைய தந்தை என்னை சார் என்று அழைப்பதையும் என் தலை நரைத்திருப்பதையும் ஒன்றாகச் சேர்த்து, இருவரும் என்னை 'சார் தாத்தா' என்பார்கள். பள்ளி ஆசிரியையாக இருந்த என் மனைவி அவர்களுக்கு டீச்சரம்மா.

அந்த ஆவணியில் அவளையும் நாங்கள் திருச்சிக்குத்தான் கொண்டுபோயிருந்தோம். மாற்றுத் துணி எடுத்துப்போவதற்காக ஒரு காலையில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது தொலைபேசி ஒலித்தது. மருத்துவமனையில் இருந்த மைத்துனர் பேசினார். "நல்லாத்தான் இருக்காங்க. நீங்க உடனே கெளம்பி வாங்க" என்றார். எங்கள் பக்கத்தில் சாவை யாரும் தொலைபேசியில் சொல்வதில்லை. கேட்கிறவன் வழியில் விழுந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் சொல்லப்படும் பொய் அது. அதைப் பொய் என்று யாரும் கணக்கில் வைப்பதும் இல்லை. அன்று வாசலில் நின்று விசாரித்த பெரியவளிடமும் அவள் அப்பா அதே சொற்களைத்தான் சொன்னார். மாலையில் ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் திரும்பியதை முதலில் பார்த்தவள் அவள்.

கார் தெருமுனையைத் தாண்டியதும் பெரியவள் என் பக்கம் திரும்பினாள்.

"போன் அடிச்சா நான்தான் எடுப்பேன் சார் தாத்தா."

"சரி."

"நல்லா இருக்காங்கன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சரம்மாவுக்கும் அப்படித்தானே சொன்னாங்க?"

"ஆமாம்" என்றேன். அவளிடம் வேறு எதையும் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், செய்தித்தாளை விரித்து, படிக்காமலே மடித்தேன். கார் இந்நேரம் பாடாலூர் தாண்டியிருக்கும், சமயபுரம் வந்திருக்கும் என்று மனம் அதன் பின்னாலேயே ஓடியது. தொலைபேசியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க எடுத்துக் காதில் வைத்தேன். பெரியவள் அதட்டினாள்: "எடுத்து எடுத்துப் பாத்தா லைன் எப்படிக் கெடைக்கும்? வைங்க சார் தாத்தா."

சின்னவளுக்கு வேறு கவலை. "மாவு கெட்டுப்போச்சுன்னா அம்மா வந்து திட்டும்" என்றாள்.

வந்து திட்டும் என்ற அந்தச் சொல்லில் அவள் வைத்திருந்த உறுதி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உடனே மூவரும் அவர்கள் வீட்டு அடுப்படிக்குப் போனோம்.

கலகலா செய்வது எளிது. குழந்தைகளால் செய்யக்கூடியது என்பதால்தான் அந்த வீட்டில் ஆண்டுதோறும் அதைச் செய்தார்கள். மாவைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, எண்ணெய் தொட்ட புதுச் சீப்பின் பற்கள் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால், வரிவரியாகச் சோழியைப் போல் வந்துவிடும். சின்னவள் இரண்டு விநாடியில் ஒன்று சுருட்டினாள். நான் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். விசைக்கும் பரப்புக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் விளக்கியவன். என் கையில் மாவு ஒட்டிக்கொண்டு வந்தது.

"சார் தாத்தா, அது சோழி இல்ல. புழு."

"வெந்தா சரியாயிடும்."

"வெந்தா வெந்த புழு."

பெரியவள் சிரிக்கவில்லை. அவள் காது சுவருக்கு அந்தப்புறம் இருந்தது. அடுப்படியிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசி கேட்குமா, கேட்காதா என்பது நிச்சயமில்லை. நான் எழுந்து எங்கள் கூடத்துக்குப் போய் நிற்பேன். குழந்தைகள் தனியே இருக்கிறார்கள் என்ற நினைப்பில் திரும்பி வருவேன். இப்படியே போய்வந்துகொண்டிருந்தபோது, எண்ணெய் காயவைக்கும் வேளை வந்துவிட்டது. எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டுக் குழந்தைகளை விட்டுப் போக முடியாது. தொலைபேசியையும் விட முடியாது.

"அடுப்ப உங்க வூட்ல பத்த வெச்சுக்கலாம்" என்றாள் பெரியவள். "போன் பக்கத்துலயே இருக்கும்ல?"

இறப்பு நடந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுடுவதில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அடுப்பு அதற்காக எரியவில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்ததோடு சரி. அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. என் மனைவிக்கு இருந்தது, அதனால் கடைப்பிடித்தேன். மற்றொரு நாளாக இருந்தால் அந்தக் குழந்தை கேட்ட மறுகணமே அதை மீறியிருப்பேன். ஆனால் அன்று திருச்சியில் ஒரு பெண் பிழைப்பாளா என்பதே தெரியாத நிலை. நான் சட்டியை ஏற்றி, அங்கே ஏதேனும் நேர்ந்துவிட்டால், இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதை யாருக்கு எப்படி நிறுவுவேன்? பிறருக்கு வேண்டாம், எனக்கே நிறுவ முடியுமா? படித்த படிப்பு அத்தனையும் துணைக்கு வராமல் ஒதுங்கி நின்றதை அந்த அடுப்படியில் நான் உணர்ந்தேன்.

"வேணாமா?" என்றாள் பெரியவள்.

"கொண்டு வா" என்றேன்.

இரும்புச் சட்டியை நான் தூக்கினேன். தட்டுகளை அவர்கள் ஏந்தி வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார். குன்னம் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர்; எதையும் மெதுவான குரலில் சொல்லிப் பழகாதவர்.

"ஏன் சார், வருசம் திரும்பல, அதுக்குள்ள எண்ணெச் சட்டி ஏத்துறீங்களே? அதுவும் புள்ளத்தாச்சி ஒருத்தி ஆஸ்பத்திரியில கெடக்குற நேரத்துல?"

"போன் இங்கதானேம்மா இருக்கு."

"எங்கிட்ட குடுங்க, நான் சுட்டுத் தரேன். எங்க வூட்டு அடுப்பு என்ன அணைஞ்சா போச்சு?"

"நாங்க போன விட்டு வர மாட்டோம்" என்றாள் பெரியவள்.

அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா படிச்சீங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு ஜல்லிக்கரண்டியோடு திரும்பி வந்தார். "உங்க வூட்டுக் கரண்டி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியவா போவுது?" என்று நீட்டினார். அது உண்மை. நான் அதைத் தேடித்தான் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படிக் கதவைத் திறந்து வைத்தால் கூடத்தில் தொலைபேசி தெரியும். எண்ணெய் காய்ந்தது. முதல் கை கலகலாவை நான் போட்டேன். அந்த ஓசை எங்கள் வீட்டில் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. தீயைக் குறைக்க மறந்ததால் முதல் ஈடு கருத்துவிட்டது. இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி ஒலித்தது.

பெரியவள் மாவுக் கையோடு ஓடி எடுத்தாள். கேட்டாள். முகம் வாடி என்னிடம் நீட்டினாள். "உங்க பையன்."

வெளியூரில் வேலையில் இருந்த என் மகன். "என்னப்பா ஏதோ சத்தம் கேக்குது?"

"எண்ணெய்."

"நம்ம வீட்லயா?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்கு இன்னும் வருசம் முடியலயேப்பா."

"தெரியும். ஒரு போன் வரணும். வச்சிடு, அப்புறம் சொல்றேன்."

அவன் வைத்துவிட்டான். அவன் மனம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க அப்போது இடமில்லை. மூன்றாம் ஈடு, நான்காம் ஈடு. சின்னவள் ஆறாததை எடுத்து வாயில் போட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு, அழாமல் இன்னொன்றை எடுத்தாள். நான் கரண்டியைப் பிடித்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். வெயில் சாய்ந்து கொல்லைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அங்கிருந்து அழைப்பே வராதது நல்லதற்கில்லை என்று தோன்றியது. அதைக் குழந்தைகள் என் முகத்தில் படித்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் ஒலித்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வருவதற்குள் பெரியவள் எடுத்திருந்தாள். "அப்பா" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். பேசும் பாகத்தைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"அம்மா நல்லா இருக்குதாம். அதையேதான் சொல்றாரு."

என்னிடம் கொடுத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"ஆபரேசன் பண்ணிட்டாங்க சார். பையன். எடை கம்மி, இன்குபேட்டர்ல வெச்சிருக்காங்க. இவளுக்கு பிரஷர் எறங்கிடுச்சு. நல்லா இருக்கா சார்."

குரல் நடுங்கியது. களைப்பிலும் நடுங்கும், மறைக்கும்போதும் நடுங்கும். அந்த இரண்டையும் பிரித்தறியும் திறமை எனக்கு இல்லை என்பதை ஆவணியிலேயே தெரிந்துகொண்டிருந்தேன். என்ன கேட்டால் தெரியும்? எதிரே அந்தக் குழந்தை கண் இமைக்காமல் நின்றாள்.

"தம்பி, அவங்க ஏதாச்சும் பேசினாங்களா?"

"பேசுனா சார். அத ஏன் கேக்குறீங்க. மாடியில போர்வ காயப்போட்டுட்டு வந்துட்டாளாம். பெரியவ எடுத்தாளா, பனி எறங்குனா நனஞ்சிடுமேங்குறா. நான் செத்துப் பொழச்சு நிக்கிறேன், இவளுக்குப் போர்வ!"

நான் அதைக் கூட்டாமல் குறைக்காமல் பெரியவளிடம் சொன்னேன்.

"எந்தப் போர்வ?" என்றாள். நான் கேட்டுச் சொன்னேன்: பச்சைக் கட்டம் போட்டது.

அவள் வாய் பிளந்தது. "ஐயய்யோ, ஆமா!" என்று கத்தியபடி ஓடினாள். சின்னவளும் பின்னால் ஓடினாள். பக்கத்து வீட்டு மாடிப்படியில் நான்கு கால்கள் தடதடவென்று ஏறும் ஓசை சுவர் வழியே கேட்டது. பொய் சொல்ல நினைக்கிற எவனுக்கும் போர்வை தோன்றாது என்பதை அவள் என்னைவிட வேகமாகக் கண்டுகொண்டாள்.

"புள்ளைங்க எங்க சார்?"

"மாடிக்குப் போயிருக்காங்க."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. அது அடங்கும்வரை நான் காதிலிருந்து எடுக்கவில்லை.

வாசலில் எதிர்வீட்டு அம்மாள் நின்றிருந்தார். சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அடுப்படியை எட்டிப் பார்த்து, "அப்பறம் ஏன் அணைச்சு வெச்சிருக்கீங்க? மீதி மாவு என்னாவுறது? பத்த வைங்க" என்றார்.

பற்ற வைத்தேன். மகிழ்ச்சிதான், அதில் ஐயம் இல்லை. ஆனாலும் கால்கள் ஓயவில்லை. மீண்டும் கூடத்துக்கு வந்தேன். ஆவணியில், துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றபோது, என் மனைவி ஏதாவது பேசினாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மைத்துனர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. திருச்சிவரை பஸ்ஸில் நான் பட்டது ஒருவேளை பாதி குறைந்திருக்கும். ஒருவேளை இரு மடங்காகியிருக்கும்.

பெரியவள் போர்வையைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தாள். "நனையல சார் தாத்தா, ஓரம்தான் லேசா ஜில்லுனு இருக்கு. மடிக்கணும், ஒத்தக் கையில வரல" என்று ஒரு முனையை என்னிடம் தந்தாள். மறுமுனையோடு வாசல்வரை பின்னோக்கி நடந்தாள்.

"இழுத்துப் பிடிங்க, தொய்யுது பாருங்க."