ஐம்பது மைலில் வரும் நடுக்கம்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அந்த ஆரஞ்சு நிறக் காரை வைத்திருந்த காலத்தில் பாதி நாள் என் காது சிவந்தேதான் இருந்தது. இரண்டே கதவு, இரட்டைக் கார்புரேட்டர். பின்னால் உட்காருகிறவர்கள் முழங்காலில் மோவாயை வைத்துக்கொள்ள வேண்டும். ஈப்போவில் பச்சை விளக்கு விழுந்தால் பக்கத்து வண்டிக்காரன் என் புகையைத்தான் பார்ப்பான். அப்படிப்பட்ட வண்டிக்கு, வாங்கிப் பூஜை போட்ட மறுநாளே ஒரு வியாதி வந்தது. ஐம்பது மைல் வேகத்தைத் தொட்டால் போதும், குளிர் ஜுரக்காரன் மாதிரி நடுங்கும். சீட்டு ஆடும், ஸ்டியரிங் ஆடும், அதைப் பிடித்திருக்கும் என் கை இரண்டும் ஆடும்.

அது எண்பதுகளின் தொடக்கம். கமுந்திங்கில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா எஸ்டேட் ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைக் குனியாமல் நேராக என்னைப் பார்த்து, "சீனி போதுமா?" என்று கேட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "போதும் போதும்" என்றேன். அதில் சீனியே இல்லை. கசப்பு தொண்டையில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று.

எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார் அவள் அப்பா. என் கெட்ட நேரம், நானே காரில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். கோலகங்சார் தாண்டியதும் முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மிடுக்கைக் காட்ட வேண்டாமா? அழுத்தினேன். முள் ஐம்பதைத் தொட்டது. அவர் மூக்குக்கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. அவருடைய பல் செட்டு கடகடவென்று தந்தி அடித்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்தார். எங்கள் வீட்டில் பலகாரத்தைத் தொடாமல், திரும்பிப் போகும்போது பஸ் ஏறிவிட்டார்.

அந்த வாரமே தரகர் வந்தார். "தம்பி, சொல்லவே சங்கடமா இருக்கு லா. பையனுக்குக் கையி நடுங்குதாம். காலையிலயே சம்சு போடுற ஆளுக்குப் பொண்ணு இல்லேன்னுட்டாரு."

சம்சு என்றால் மலிவுச் சாராயம். அடப்பாவமே! இருமல் மருந்து குடித்தாலே முகம் கோணுகிற ஆள் நான். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. சம்சுவால் கை நடுங்கியவர்களை எஸ்டேட்டில் காலமெல்லாம் பார்த்தவர் அவர். "அது கார் நடுக்கம்யா, என் நடுக்கம் இல்ல!" என்று தரகரிடம் கத்தினேன். அந்த நல்ல மனிதர் கமுந்திங் போய்ப் பேசிவிட்டு ஒரு வழியோடு வந்தார். அவர்கள் குடும்பத்தோடு லூமுட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். நானே காரில் கொண்டுபோய் விட வேண்டும். கை நடுங்காவிட்டால் மேற்கொண்டு பேசலாம், நடுங்கினால் அவ்வளவுதான்.

என் அக்காவின் கணவரிடம் ஓடினேன். எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றுத் தீர்க்கும்வரை அங்கே டிராக்டர் பழுது பார்த்தவர். பிறகு சிம்பாங் பூலாயில் லாரிப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் டயர் கடை பாயிடம் அனுப்பி நான்கு சக்கரத்தையும் சரிபார்க்கச் சொன்னார். நடுக்கம் போகவில்லை. பிறகு அவரே ஓட்டி, ஐம்பதில் கியரை விடுவித்துப் பார்த்தார். அப்போதும் நடுங்கியது.

"இஞ்சின் இல்ல மச்சான், ஷாஃப்ட்டு" என்றார். கியர்ப்பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள இரும்புக் குழாய் அது. அதன் இரு முனையிலும் இருந்த ஜாயிண்டுகளை மாற்றினார். நட்டுகளை முறுக்கினார். ஒவ்வொரு தடவையும் காருக்கு அடியில் நுழைந்ததும் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தூசி விழுந்துவிட்டது போல என்று நினைத்தேன். நடுக்கம் அப்படியே இருந்தது. லூமுட் கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் மச்சானையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஈப்போவில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறைக்குப் போனேன். அம்மா ஏன் வந்தார் என்று கேட்காதீர்கள், வந்தார். தவுக்கே காருக்கு அடியில் போன வேகத்தில் வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஷாஃப்ட்ல கட்டினது லு புன்யா டத்தோ லா. குவா தா பெரானி."

உங்கள் சாமி, தொட எனக்குத் துணிச்சல் இல்லை என்கிறார். என்ன சாமி? சட்டையோடு தரையில் படுத்து எட்டிப் பார்த்தேன். ஷாஃப்ட்டின் நடுவில், கட்டைவிரல் தடிமனில் ஒரு பித்தளைத் தாயத்து. செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டி, குங்குமம் வேறு தடவியிருந்தது!

"தெரியும் மச்சான்" என்றார் மச்சான் சாவகாசமாக, அம்மா பக்கம் கையைக் காட்டி. "நான்தான் கட்டினேன். பூஜை அன்னிக்கு அத்தை குடுத்தாங்க. எது சுத்துதோ அதுல கட்டச் சொன்னாங்க."

"இத்தனை நாள் அதைத் தாண்டித்தானேய்யா ஜாயிண்டு மாத்துனீங்க! ஏன் சொல்லல?"

"சாமி காரியத்துல எப்படிக் குத்தம் சொல்றது? ஒவ்வொரு தடவையும் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் வேலைய ஆரம்பிச்சேன்."

டயர் கடை பாயும் பார்த்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அடுத்தவர் சாமி, நாம் எதற்கு வாயைத் திறப்பது என்று மரியாதையாக இருந்துவிட்டாராம். அடியில் போனவர்கள் அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். போகாதவன் நான் ஒருவன்தான்.

"அவுத்து எறிங்க!" என்றேன். மச்சான் நகரவில்லை. தவுக்கே பின்னால் போய்விட்டார். நானே கையை நீட்டினேன்.

"கல்யாணப் பேச்சு நடக்கிறப்போ கட்டினத அவுத்தா வெளங்குமாடா?" என்று அம்மா போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. என் கை பாதியில் நின்றுவிட்டது. எனக்கும் பயம்தான், ஏன் மறைக்க வேண்டும்? அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "ஒண்ணுக்குச் சக்தி போதல. அதான் வண்டி அல்லாடுது. இன்னொண்ணு வாங்கியாரேன்."

காது கொதித்தது. ஒன்றுக்கே இந்த ஆட்டம், இன்னொன்றா? ஆனால் மச்சான் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு, "அதே பூசாரிகிட்டத்தானே அத்தை? அதே சைஸ்தானே?" என்று கேட்டார். மறுநாள் அதே தாயத்து, அதே கனத்தில் வந்தது. மச்சான் அதை ஷாஃப்ட்டில் முதல் தாயத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் வைத்து, அதே அளவு கம்பியால் கட்டினார்.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது. அறுபது. எழுபது. ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லை. பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, "சொன்னேன்ல?" என்றார். ஒரு பக்கக் கனத்தை மறுபக்கக் கனம் ஈடுகட்டிவிட்டது என்று பொறுமையாக விளக்கினேன். "ஆமாண்டா, அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார்.

லூமுட் போகும் நாள் வந்தது. முன்னால் பெண்ணின் அப்பா, பின்னால் அவள் அம்மாவும் அவளும். நாற்பது, ஐம்பது, அறுபது. மூக்குக்கண்ணாடி இருந்த இடத்தில் இருந்தது. பல் செட்டும் பேசாமல் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டு, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். அவள் முழங்காலில் மோவாயை வைத்தபடி என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐயோ, அவ்வளவுதான். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது!

அவர் பார்த்துவிட்டார். "வண்டி ஆடல. அப்புறம் கை ஏன் தம்பி ஆடுது?"

மறைக்கத் தெம்பில்லை. "பயமா இருக்கு மாமா. நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு."

"வண்டிய ஓரமா நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். "வாய ஊது." ஊதினேன். அவர் கண்ணை மூடி இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பி, "காப்பிதான்" என்று அறிவித்தார்.

"எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ நீங்க காப்பிய வேட்டியிலயே ஊத்திக்கிட்டீங்க, ஞாபகம் இருக்கா?" என்றார் அவர் மனைவி.

அவள் அப்போதுதான் பேசினாள். "அன்னிக்கு இவரு காப்பியில நான் வேணும்னேதான்பா சீனி போடல. கேட்டதுக்குப் போதும் போதும்னாரு. இவ்வளவு பயந்தாங்கொள்ளி எங்க போயி சம்சு குடிக்கிறது?"

அவர் சிரித்த சிரிப்பில் பல் செட்டு கையில் வந்துவிட்டது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரி, லூமுட்ல சொந்தக்காரங்ககிட்ட இன்னிக்கே சொல்லிடலாம்" என்றார்.

அதற்குமேல் நான் நாற்பதைத் தாண்டவே இல்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை. லூமுட் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்றிருந்தது.