வாசு திரும்பக் கேட்ட மடல்கள்

கிள்ளான் அன்புக்கரம் சேவை மன்றத்தில் வாசு சேர்ந்தது, கண் சிகிச்சை முகாமில் நாற்காலி தூக்கிப் போடத்தான். ஆறே மாதத்தில் மன்றத்தின் மாத மடலை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன் என்பதே அவனுடைய தகுதி. மடலின் கடைசிப் பக்கம் எப்போதும் காலியாகக் கிடந்தது. அதில் 'நம்ம ஆளு' என்று தலைப்புப் போட்டு, மாதம் ஓர் உறுப்பினரைப் பற்றிக் கிண்டலாக எழுத ஆரம்பித்தான்.

ரத்த தான முகாமுக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு, ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்த மளிகைக்கடை நாராயணன் மாட்டினார். இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று எழுந்து முக்கால் மணி நேரம் மைக்கை விடாத தலைவர் சோமசுந்தரமும் மாட்டினார். மாட்டியவர் முகம் சுளிப்பார், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மடல் கைக்கு வந்தால் எல்லாரும் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார்கள். வாசுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

1984 ஆகஸ்டு மடலில் வேலாயுதம் மாட்டினார். துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் கிரேன் ஓட்டுபவர். ஐம்பத்து மூன்று வயது, அதிகம் பேசாதவர். ரத்த தான முகாமில் நர்ஸ், "அங்கிள், என்ன குரூப்?" என்று கேட்டதற்கு, "குரூப்பா வரலம்மா, தனியாத்தான் வந்தேன்" என்றவர். இவர் முன்மொழிந்த தீர்மானத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டபோது, யாருக்கெல்லாம் தேநீர் வேண்டும் என்று கேட்பதாக நினைத்து முதல் ஆளாகத் தாமே கை தூக்கியவர். 'நம் வேலாயுதம் அண்ணனிடம் ரகசியம் சொன்னால் பத்திரமாக இருக்கும். அவருக்கே கேட்காது' என்று முடித்திருந்தான் வாசு. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை மடலை எல்லார் வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தான். ஞாயிறு மதியம் மன்றத்தின் ஆண்டு விருந்து.

சனிக்கிழமை காலை, கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வேலாயுதத்தின் மனைவி இராஜம்மா அச்சகத்துக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி குடையை மடக்காமல் பேசினார்.

"தம்பி, அவருக்குக் காது போய் ரெண்டு வருஷமாச்சு. வேலை எடத்துல யாருக்கும் தெரியாது. கீழ நிக்கிற ஆளோட கையையும் வாயையும் பார்த்துப் பார்த்தே ஓட்டுறாரு. தெரிஞ்சா அன்னைக்கே கிரேன்லேருந்து எறக்கிடுவாங்க."

வாசு கையிலிருந்த மையைச் சட்டையிலேயே துடைத்தான். "அக்கா, நான் சும்மா தமாஷுக்கு... அண்ணன் கவனிக்கிறதில்லன்னுதான் நெனச்சேன். அவரு படிச்சாரா?"

"படிச்சாரு. ஒண்ணும் சொல்லல. மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு." இராஜம்மா குடையை மறு கைக்கு மாற்றினார். "நாளைக்கு விருந்துக்கு யாரு வர்றாங்க தெரியும்தானே? விஜயன் சார். இவரு வேலை பார்க்கிற கிடங்குக்கு அவர்தான் சேஃப்டி ஆபிசர்."

தெரியும். நன்கொடைக்காகத் தலைவர் அலைந்து திரிந்து அழைத்த சிறப்பு விருந்தினர் அவர்தான். மேசைக்கு ஒன்றாக மடல் வைக்க நாற்பது பிரதி தனியாகக் கட்டிவைத்ததும் வாசுதான்.

அந்தக் கட்டை அப்போதே அச்சகத்தின் பின்னால் போட்டுக் கொளுத்தினான். முதலாளியிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். மழை பிடித்துக்கொண்டது.

காரணத்தைச் சொல்ல முடியாது என்பதுதான் பெரிய கொடுமை. சொன்னால் அதுவே ஊர் முழுக்கப் பரவிவிடும். "அச்சுப் பிழை, திருத்தி வேற தரேன்" என்று வீடு வீடாகக் கேட்டான். செந்தூலில் ராதாகிருஷ்ணன் வீட்டில் மடலில் கருவாடு மடித்து வைத்திருந்தார்கள். அதையும் பிரித்து வாங்கிக்கொண்டான். அவருடைய மனைவி இவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கிள்ளானில் நாராயணன் தம் பிரதியைக் கடைச் சுவரில் ஒட்டி, சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எடுக்க முடியாதுலா. நான் மயங்கி விழுந்ததை எழுதினியே, அன்னைக்கு எந்தப் பிழையும் இல்லியா? வேலாயுதத்துக்கு மட்டும் என்ன விசேஷம்?"

"அண்ணே, உங்க கால்ல விழறேன். குடுத்துடுங்க."

நாராயணன் சிரித்தார். சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறவன் உண்மையிலேயே அழுகிறான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஒன்றும் கேட்காமல் தாளைச் சுவரிலிருந்து கிழித்துக் கொடுத்தார்.

மாலைக்குள் ஏறக்குறைய எல்லாம் கைக்கு வந்துவிட்டன. கடைசியாகத் தலைவர் வீடு. சோமசுந்தரம் பதறிப்போய், "என் பேர்ல பிழையா? இனிஷியலை மாத்திப் போட்டுட்டியா?" என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "அட, என் பிரதி என்கிட்ட இல்லியே தம்பி. நேத்தே விஜயன் சாருக்கு அழைப்போட சேர்த்து ஆள்கிட்டக் குடுத்தனுப்பிட்டேன். நம்ம மன்றம் எவ்வளவு கலகலப்பா இருக்குன்னு பார்க்கட்டும்னு" என்றார்.

வாசு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிறு விருந்தில் வேலாயுதம் சலவை செய்த வெள்ளைச் சட்டையில் நான்காவது வரிசையில் இருந்தார். பக்கத்தில் இராஜம்மா. விஜயன் பேச எழுந்தபோது வாசு சுவரோரம் நின்று, இவர் படித்திருக்கக் கூடாது, படித்திருக்கவே கூடாது என்று முருகனைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"உங்க மடலைப் படிச்சேன்" என்றார் விஜயன் சிரித்துக்கொண்டே. "குரூப்பா வரல, தனியாத்தான் வந்தேன்! வீட்டுல எல்லாரும் சிரிச்சோம். வேலாயுதம், இங்கதானே இருக்கீங்க? ஒரு வணக்கம் சொல்லுங்க."

கூடம் கைதட்டியது. சுற்றிலும் பார்த்துவிட்டு வேலாயுதமும் கைதட்டினார். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவருடைய கைகள் இரண்டு மூன்று முறை தட்டின. விஜயன் மறுபடியும் பெயரைச் சொல்லி அழைத்தார். வேலாயுதம் மேடையைப் பார்த்துப் புன்னகை செய்தபடி உட்கார்ந்தே இருந்தார். இராஜம்மா அவர் முழங்கையை இடித்தார்.

விஜயனின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிவதை வாசு பார்த்தான். அவர் பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்; சாப்பிடவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காதுப் பரிசோதனை நடந்தது. புதன்கிழமை கிரேன் சாவியை வாங்கிக்கொண்டு, சாமான் அறையில் ஆணி, கயிறு எடுத்துக் கொடுக்கிற வேலையில் போட்டார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு வாசு அவர் வீட்டுக்குப் போனான். வேலாயுதம் கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல் நின்றார். வாசு அவர் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க."

அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார் வேலாயுதம். பிறகு சத்தமாக, தம் குரலின் அளவு தமக்கே தெரியாமல் பேசினார்.

"போன மாசம் கீழேருந்து நிறுத்துன்னு கத்திருக்காங்க. எனக்குக் கேக்கல. இரும்புக் கட்டு கீழ நின்ன பக்கிரிசாமி தலைக்கு ஒரு சாண் மேல போயிருக்கு. அவன் அதை ஆபீஸ்ல சொல்லாம என்னைக் காப்பாத்தினான். அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. நானே ஆபீஸ்ல போய்ச் சொல்லிடணும்னு தினமும் போவேன். வாய் வராது. திரும்பி வந்து மறுபடியும் ஏறி ஒக்காந்துடுவேன்."

வாசு ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"இரு. அதனால நீ நல்லது பண்ணிட்டேன்னு நெனச்சுக்காதே. என் பொழப்பைப் பார்த்து அத்தனை பேர் சிரிச்சாங்க. என் பொண்டாட்டி பக்கத்துல இருந்தா."

கதவைச் சாத்தவில்லை. திரும்பி உள்ளே நடந்தார். இராஜம்மா வந்து பார்த்துவிட்டு, "இப்போ போயிட்டு வா தம்பி" என்றார்.

அதன் பிறகு வேலாயுதம் மன்றத்துக்கு வரவில்லை. சந்தாவை மட்டும் இராஜம்மா கையில் கொடுத்தனுப்பினார். 'நம்ம ஆளு' எங்கே என்று எல்லாரும் சண்டை பிடித்தார்கள். கடைசிப் பக்கத்தை வாசு முகாம் தேதிகளைப் போட்டு நிரப்பினான். கிள்ளான் போகும் ஞாயிறுகளில் அந்த வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவான். அவருக்குக் கேட்காது என்பதால் கூப்பிட மாட்டான். ஜன்னல் வழியாக அவர் தலை தெரியும். அவர் திரும்பிப் பார்க்கும்வரை கேட் அருகே நிற்பான். சில நாள் பார்ப்பார். சில நாள், அவன் நிற்பது தெரிந்தே, திரும்பாமல் இருந்துவிடுவார்.