சிவப்புக் கசிவும் சோப்பு அத்தையும்

அந்த விமானப் பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் கைகழுவும் தொட்டி ஒன்றுதான் உண்டு. அதன் விளிம்பில் மூடி போட்ட சோப்பு டப்பா ஒன்று இருக்கும். மூடியின்மேல் பட்டைப் பேனாவால் ‘தொடாதே’ என்று எழுதியிருக்கும். யார் எழுதியது என்று கேட்க வேண்டிய தேவை அங்கே எவருக்கும் ஏற்பட்டதில்லை. பள்ளியின் பராமரிப்புப் பொறியாளரான பெண்மணிக்குப் பயிற்சி மாணவர்கள் வைத்த பெயர் சோப்பு அத்தை. பள்ளியை நடத்துபவர் அவருடைய அண்ணன். அண்ணன் மகள் அங்கேயே விமானம் ஓட்டப் பழகினாள். அவள் ‘அத்தை’ என்று அழைத்ததை மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

அத்தையின் அருவருப்புகளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. எண்ணெயும் கிரீஸும் அவரைப் பொறுத்தவரை அழுக்கே அல்ல. முழங்கைவரை கிரீஸ் அப்பியிருக்கும்போது முகம் சுளிக்காதவர், அண்ணன் பல் குத்திய குச்சியை விமானத்தின் இருக்கைப் பைக்குள் செருகிவைத்ததைக் கண்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் செய்ததுபோல் காட்டுவதுதான் அவருக்கு உண்மையிலேயே குமட்டியது. சிறுவயதில் அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவின் டயர்க் கடை இருந்தது. ஒருநாள் அண்ணன், ஒட்டுப்போட்ட டியூப் ஒன்றுக்குக் கரி பூசிப் புதிய டியூப்களோடு சேர்த்து மாட்டினார். அப்பா சிரித்தார், தங்கை வாந்தி எடுத்தாள். இந்தச் சம்பவத்தை அண்ணனும் மறுக்கவில்லை. “அன்னைக்கு அவளுக்கு வயிறு சரியில்லை” என்று மட்டும் திருத்துகிறார்.

பள்ளியிடம் இருந்தது ஒரே விமானம். அதன் மூக்கில் இரண்டு பிளேடுகள் கொண்ட புரொப்பெல்லர். மிதிவண்டிச் சக்கரத்துக்கு இருப்பதுபோல் அதற்கும் நடுவில் ஒரு குடம் உண்டு. பறக்கும் வேகத்துக்கு ஏற்பத் தம் சாய்வை மாற்றிக்கொள்வதற்காகப் பிளேடுகளின் அடிப்பகுதி அந்தக் குடத்துக்குள் திரும்பும். குடத்துக்குள் இருக்கும் எண்ணெயில் தயாரிப்பாளரே சிவப்புச் சாயம் கலந்துவிடுகிறார். குடத்தில் கீறல் விழுந்தாலோ, பிளேட்டின் அடியிலுள்ள ரப்பர் வளையம் கெட்டாலோ, வெளியே ஒரு சிவப்புக் கோடு வழிந்து காட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இரண்டாயிரம் மணி நேரம் பறந்ததும், அல்லது ஆறு ஆண்டுகள் ஆனதும், இரண்டில் எது முந்துகிறதோ அப்போது புரொப்பெல்லரை ஓவர்ஹாலுக்கு அனுப்ப வேண்டும். அதாவது, முற்றாகப் பிரித்து, அளந்து, கெட்டதை மாற்றி, மீண்டும் சேர்க்க வேண்டும். ஆண்டுக் கெடுவை மட்டும், பொறியாளர் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்தால், ஒவ்வோர் ஆண்டாகத் தள்ளிவைக்க விதி இடம் தந்தது. அத்தை ஏற்கெனவே இருமுறை தள்ளிவைத்திருந்தார். முதல் முறை மனமொப்பிக் கையெழுத்திட்டார். இரண்டாம் முறை, அண்ணன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டதால் கையெழுத்திட்டார். இப்போது மூன்றாம் முறை வந்தது.

“இன்னும் ரெண்டாயிரத்துல பாதி மணி நேரம்கூட ஓடலையே பாப்பா. புதுசாட்டமா மின்னுது பாரு” என்றார் அண்ணன். நாற்பத்தைந்து வயதாகியும் தங்கை அவருக்குப் பாப்பாதான்.

“ஓடாம நின்னதுதான் வம்பு. நிக்க நிக்க உள்ள ஈரம் இறங்கும்ண்ணா. அலுமினியம் அரிச்சுப் போயிடும்.”

“ஓடினாலும் கெட்டுப்போகுது, நின்னாலும் கெட்டுப்போகுது. நல்ல பொருள்டா சாமி. நம்ம சொந்தக்காரங்க மாதிரியே இருக்கு.”

“சிரிக்காத. இந்த வருஷம் அனுப்பிடலாம்.”

“வியாழக்கிழமை என் பொண்ணு முதல் தடவையா தனியாப் பறக்கப்போறா. இப்பக் கழட்டினா ரெண்டு மாசம் விமானம் மொட்டை மூக்கோட நிக்கும். ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ஸ்கூல் நடத்தறவன் நம்ம பசங்களை அள்ளிட்டுப் போயிடுவான். ஒரே ஒரு வருஷம். கண்ணை மூடிட்டு ஒரு கையெழுத்து.”

“கண்ணை மூடிட்டுப் போடறதுக்கு நான் எதுக்கு? நீயே போட்டுக்கலாமே.”

அண்ணன் சிரித்தபடி தங்கையின் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்ப வைத்தார். அத்தை அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

அன்றிரவு வீட்டில், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கணவரிடம் இதைச் சொன்னார். அவர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். “எங்க கடையில அட்டையைப் பிரிக்காத மாத்திரைக்கும் தேதி முடியும். ‘யாரும் முழுங்கலையே, புதுசாத்தானே இருக்கு’ன்னு உங்க அண்ணன் வந்து கேப்பாரு. எனக்குத் தெரியும்.”

“அவனை விடுங்க. என் கண்ணுக்கே சுத்தமாத்தான் தெரியுது. எதைக் காரணமாச் சொல்றது?”

“நல்லாத் தெரியுதுன்னா போட்டுடேன்.”

“அதான் எனக்கே பிடிக்கலை. ஒரு விமானம் அவ்வளவு சுத்தமா இருக்கவே முடியாது.”

மறுநாள் அவர் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே கொட்டகைக்குப் போனார். வேறொரு பட்டறையிலும் வேலை இருந்ததால் பொதுவாக நண்பகலுக்குமேல்தான் இங்கே வருவார். ஆண்டுச் சோதனையும் எப்போதும், விமானத்தைக் கழுவி நிறுத்திய பிறகே நடக்கும். அன்று விமானம் முதல் பயிற்சியை முடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தது. அடுத்து ஓட்டவேண்டிய அண்ணன் மகள் ஒரு வெள்ளைத் துணியோடு மூக்கருகே நின்று, பிளேட்டை அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்றே?”

“துடைக்கிறேன் அத்தை. நீங்க சொல்ற மாதிரியே, பளிச்சுன்னு.”

“நான் எப்ப சொன்னேன்?”

“நீங்கதான் எல்லாத்தையும் துடைன்னு சொல்வீங்களே. கேப்டன் அதைச் சட்டமாவே போட்டுட்டாரு. முதல்ல துடை, அப்புறம் சுத்திவந்து செக் பண்ணு. துடைக்காம செக் பண்ணினா திட்டு விழும்.”

கேப்டன் என்று அவள் சொன்னது பள்ளியின் பயிற்றுநரை. மற்ற பள்ளிகளில் மாணவர் விமானத்தைச் சுற்றிவந்து, எங்கே கசிகிறது, எங்கே விரிசல் என்று பார்த்த பிறகே துணியைத் தொடுவார். இங்கே துடைத்து முடித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று பார்த்தார்கள்.

அத்தை அவள் கையிலிருந்த துணியை வாங்கி விரித்தார். நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்புக் கறை.

“இது எவ்வளவு நாளா வருது?”

“அதுவா? ரொம்ப நாளா. லிப்ஸ்டிக்குன்னு சொல்லி நாங்க சிரிப்போம்.”

“பழைய துணியெல்லாம் எங்க?”

அவள் கழிப்பறைச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஒரு நீல டிரம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அத்தை ஒதுங்கியே நடந்த ஒரே பொருள் அதுதான். பயன்படுத்திய துணிகளை அதில் போடுவார்கள். மூக்குச் சிந்தியதும், சாப்பிட்ட தட்டு துடைத்ததும், ஒரு மாணவன் வானத்தில் வாந்தியெடுத்தபின் இருக்கையைத் துடைத்ததும் அதே டிரம்முக்குள்தான் போகும். அவர் சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். ஈரமும் புளிப்பும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடித்தது. ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்துத் தரையில் வரிசையாகப் போட்டார். மேலே இருந்தவற்றில் கறை விரல் அகலம். கீழே போகப் போக நூலளவு. அடியில் கிடந்தவை வெள்ளையாக, பூஞ்சை பிடித்துக் கிடந்தன. பாதியில் ஒருமுறை வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மீதியையும் எடுத்தார்.

அருவருத்து ஒதுங்கிப் போன இடத்தில்தான், தினம் ஒரு சொட்டாக, அவருக்கு வேண்டிய பதில் சேர்ந்துகொண்டிருந்தது. இது உறைத்தபோது அவருக்குத் தன்மீதே குமட்டியது என்று கணவரிடம் பின்னர் சொல்லியிருக்கிறார்.

கேப்டன் வந்து தரையைப் பார்த்தார். “என்ன மேடம், துணிக்கடை போட்டுட்டீங்க?”

“இந்தச் சிவப்பு என்னன்னு நினைச்சீங்க?”

“பிரேக் எண்ணெயும் சிவப்புதானே? அதுவா இருக்கும்னு...”

“பிரேக் சக்கரத்துல இருக்கு. மூக்குக்கு எப்படி வரும்? ஏணி வச்சு ஏறுமா?”

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். அவருக்கு விஷயம் புதிதல்ல என்பது முகத்திலேயே தெரிந்தது.

“கொஞ்சம் கசியுது. அதுக்கென்ன இப்ப? மூக்கு ஒழுகுதுன்னா துடைச்சு விடுவாங்களா, தலையை வெட்டுவாங்களா?”

“உனக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சதாலதான் துடைக்கிறது நல்ல பழக்கம்னு கேப்டன்கிட்ட சொன்னேன். வர்றவங்க போறவங்க கண்ணுல படக் கூடாதில்ல?”

“இதுல உன் பொண்ணு ஏறப்போறா.”

“நாந்தான் நாள் குறிச்சேன். எனக்குத் தெரியாதா? அவ நல்லா ஓட்டுவா.”

அத்தை கருவிப் பெட்டியைத் திறந்து, விமானத்தின் மூக்கில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். அந்த அட்டை கட்டியிருக்கும்வரை விமானம் பறக்கக் கூடாது.

“கையெழுத்துப் போட உலகத்துல நீ ஒருத்திதானா? ஃபோன்லயே பாத்துட்டுப் போடறவன் இருக்கான்” என்றார் அண்ணன்.

“வரட்டும். அவன் வர்றப்ப இங்க புரொப்பெல்லர் இருக்காது.”

அண்ணன் மகள் வெடித்தாள். “வியாழக்கிழமைக்கு எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன் அத்தை! உங்களுக்கு எதைப் பாத்தாலும் அசிங்கம்தான். அப்பா சொல்றது சரி.”

“சரியா இருந்தா அவரையே பக்கத்துல உக்கார வச்சு ஓட்டு. வருவாரான்னு கேளு.”

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “முதுகுவலி எனக்கு, தெரியும்ல?” என்றார் அவர். அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே வந்து, அத்தை போல்ட்டைத் தளர்த்தும்போது பிளேட்டின் மறுநுனியைத் தாங்கிப் பிடித்தாள்.

ஓவர்ஹால் பட்டறையிலிருந்து சில வாரங்களில் பேசினார்கள். கொட்டகையில் இருந்த அண்ணனுக்கும் அவர் மகளுக்கும் கேட்கட்டும் என்று அத்தை ஃபோனை ஒலிபெருக்கியில் வைத்தார். குடத்தில் கீறல் இல்லை. ரப்பர் வளையங்கள் பிஸ்கட்டாக நொறுங்கியிருக்கின்றன, அதனால்தான் கசிவு. அண்ணன் தொடையில் தட்டினார். “கேட்டியா? ஒரு ரப்பர் வளையத்துக்கு என்ன ஆட்டம் ஆடினே!” ஃபோனில் பேசியவர் இன்னும் முடித்திருக்கவில்லை. வளையம் விட்ட வழியாக ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஒரு பிளேட்டின் அடிப்பகுதி அரித்துக் குழி விழுந்திருக்கிறது. தேய்த்து எடுக்கும் அளவைத் தாண்டிவிட்டது. கழிவில்தான் போட வேண்டும். இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

அண்ணன் ஃபோனருகே குனிந்தார்.

“அப்ப இன்னொரு பிளேடு நல்லாத்தானே இருக்கு?”

மகள் எழுந்து வெளியே போனாள்.

புதிய பிளேடு மாட்டிய புரொப்பெல்லர் திரும்பி வந்து, அத்தை பொருத்திச் சோதித்துக் கையெழுத்திட்ட பின், அவள் தனியாகப் பறந்தாள். அன்று, மகனைச் சேர்ப்பதற்காகப் பள்ளியைப் பார்க்க ஒரு தகப்பனார் வந்திருந்தார். வேலியோரம் நின்று அண்ணன் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “பாதுகாப்பு விஷயத்துல நாங்க யாருக்கும் வளைஞ்சு கொடுக்கிறதில்ல. ஆறு வருஷம்னா ஆறு வருஷம். கழட்டி அனுப்பிடுவோம்.”

பக்கத்தில் நின்ற அத்தைக்கு அடிவயிற்றிலிருந்து என்னவோ மேலே ஏறியது. “எட்டு வருஷம் ஆச்சுங்க” என்றார். “ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டது நான். கசிஞ்சதைத் துடைச்சு மறைச்சது இவரு. ஒரு பிளேடு அரிச்சுப் போயிருந்துச்சு.”

அண்ணன் முகம் வெளுத்தது. தகப்பனார் அத்தையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

“ஒண்ணும் ஆகலையில்ல?” என்றார். “அப்புறம் என்னங்க, எல்லா இடத்துலயும் நடக்கிறதுதானே. பையனை எப்பக் கூட்டிட்டு வரட்டும்?”

அண்ணனுக்கு மூச்சு திரும்ப வந்தது. “நாளைக்கே வாங்க!” இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

விமானம் ஓடுபாதையைத் தொட்டு, எகிறி, மறுபடி தொட்டு, உருண்டு நின்றது. அந்த இரண்டு சிரிப்புகளுக்கும் நடுவே நிற்கப் பிடிக்காமல் அத்தை புல்லில் இறங்கி அதை நோக்கி நடந்தார். எஞ்சின் அடங்கிக் கதவு திறந்தது. அவள் முகமெல்லாம் வியர்வை.

“எப்படி இருந்துச்சு அத்தை?”

“முயல்குட்டி மாதிரி குதிச்சே. கீழ இறங்கு. மூஞ்சியைக் கழுவு முதல்ல.”