ஹார்ன் அடிக்காத எட்மண்ட் சார்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைத் தாண்டினால், மாடம்பாக்கத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஆள் ஏற்றுகிறது. பின்னால் மாட்டிக்கொண்ட எட்மண்ட் சார் கார்க் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டுகிறார். "அண்ணா, கொஞ்சம் வழி விடறீங்களா?" ஜெபக்கூட்டத்தில் பக்கத்து நாற்காலியைக் கேட்கிற குரல். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார். "இன்னா சார், ஹார்ன் ரிப்பேரா கீதா?"

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அட்ச்சா இன்னா? தேஞ்சா பூடும்?"

எட்மண்ட் சார் சிரித்துக்கொண்டு காத்திருக்கிறார். வயது அறுபத்தேழு. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மேடவாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் தினமும் மாலை இரண்டு மணி நேரம் வகுப்பு எடுக்கிறார். இருபத்தோரு வருடமாக அந்தப் பழைய டீசல் காரை ஓட்டுகிறார், ஹார்னைத் தொட்டதில்லை. "வண்டியில பழுதாகாத ஒரே சாமான் அதான் சார்" என்று மெக்கானிக் முனிரத்தினம் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். கூட உட்கார்ந்து போகிற எனக்குத்தான் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும்.

காரணம் மிகச் சின்னது. கார் வாங்கிய முதல் நாள், வாசலில் நிறுத்திப் பெருமையாக இரண்டு தடவை ஹார்ன் அடித்தாராம். அவர் மனைவி ஈவ்லின் கேட்டருகே வந்தார். திறக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் என்ன வாட்ச்மேனா?" என்று கேட்டார். அன்றோடு சார் ஹார்னை விட்டார். வீட்டு வாசலில் மட்டும் விட்டிருக்கலாம். கணக்கு வாத்தியார் இல்லையா, ஓரிடத்தில் தப்பு என்றால் எல்லா இடத்திலும் தப்பு.

ஆனால் சார் வந்து கேட் திறக்காமல் நின்ற நாள் கிடையாது. அந்த டீசல் இன்ஜின் ரேஷன் கடை முனையில் திரும்பும்போதே தெரு முழுக்கக் கேட்கும். எதிர் வீட்டில் இருக்கும் நான் அதை வைத்து மணி ஆறு பத்து என்று சொல்லிவிடுவேன். அதற்குள் ஈவ்லின் அக்கா வந்து இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று கையை அசைப்பார். "வரட்டும்... வரட்டும்... வரட்டும்... போதும்." அந்தப் 'போதும்' வரும்போது காரின் மூக்குக்கும் பின்சுவருக்கும் ஒரு சாண் இருக்கும். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

நாலு வருடத்துக்கு முன் அக்காவுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. முதலில் சண்டே ஸ்கூல் பாடம் நடத்துவதை விட்டார். பிறகு ஒருநாள் காப்பியில் உப்பைப் போட்டுவிட்டு அரை நாள் அழுதார். ஓசூரிலிருந்து மகன் ஜோனத்தான் வந்து, அடுப்பங்கரைக்குச் சரசு என்ற பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். துணி மடிப்பதும் செடிக்குத் தண்ணீர் விடுவதும் ஒவ்வொன்றாகச் சரசு கைக்குப் போயின. கேட் மட்டும் போகவில்லை. 'போதும்' அதே ஒரு சாணில் வந்துகொண்டிருந்ததால், அக்காவுக்குக் கார் தெரியவே இல்லை, காதால்தான் அளக்கிறார் என்று எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்தத் தையில் முனிரத்தினம் கையை விரித்துவிட்டார். "இத்தோட உட்ரு சார். சாமானும் கெடைக்கல, என் கையிலயும் இனிமே ஒண்ணும் இல்ல." டவுனுக்குள் ஓட்ட மின்சாரக் கார்தான் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். எதை வாங்குவது என்பதில் வந்தது தகராறு. ஒன்று, நாலு பேர் நெருக்கி உட்காரும் குட்டிக் கார், முழுக்க பேட்டரி. மற்றது, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் பெரிய கார். ஜோனத்தானுக்குப் பெரியதுதான் வேண்டும். அம்மா சௌகரியமாக ஏறி இறங்கலாமாம். கேட்டை அகலப்படுத்தி ரிமோட் வைத்துவிடலாமாம். மார்கழியில் அக்கா கேட்டருகே கால் தடுக்கி விழுந்திருந்தார், அந்தப் பயம் அவனுக்கு.

ஷோரூமுக்கு எட்மண்ட் சார் என்னையும் கூட்டிப்போனார். கிறிஸ்டி என்ற பெண் குட்டிக் காரைக் காட்டி, "சத்தமே இருக்காது சார். பக்கத்துல வந்து நின்னாக்கூட பூனைக்குத் தெரியாது" என்றாள். எட்மண்ட் சார் முகம் விழுந்துவிட்டது. அவள் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்தாள். பெரிய காரை ஓட்டிப் பார்த்தோம். வேளச்சேரி ரோட்டில் வேகம் பிடித்ததும் இன்ஜின் உறுமியது. "கேட்டீங்களா கதிரேசன், சத்தம் போடுது!" என்று என் தொடையில் தட்டினார். "சாரி சார், ஸ்பீடுல மட்டும்தான்" என்று கிறிஸ்டி மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்கவேண்டிய விஷயமா அது? இதுதான், இதுதான் என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். அக்காவுக்குக் காட்ட வண்டியை நேரே எங்கள் தெருவுக்கு ஓட்டினார்.

ரேஷன் கடை முனையில் வேகம் குறைந்தது. இன்ஜின் அணைந்து பேட்டரி எடுத்துக்கொண்டது. தெருவில் ஒரு தண்ணீர் லாரி வேறு மோட்டாரைப் போட்டு இரைந்துகொண்டிருந்தது. ஈவ்லின் அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்து, முகத்தை முனைப் பக்கம் திருப்பி, காதைக் கொடுத்து நின்றிருந்தார். நாங்கள் அவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றோம். தெரியவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். எட்மண்ட் சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதவு திறந்த சத்தத்தில் அக்கா துணுக்குற்றார். "ஐயோ, வந்துட்டீங்களா? எப்போ?"

"இப்பத்தான். இந்த நிமிஷம்" என்றார், பொய்யே சொல்லத் தெரியாத மனிதர்.

கேட் போதாமல் அந்தக் கார் வெளியிலேயே நின்றது. அக்கா அதைத் தடவிக்கொண்டே மெல்ல ஒரு சுற்று வந்தார். சீட் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "இதுக்காக கேட்டை எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார்.

"ரிமோட் வைக்கலாம்னு ஜோனத்தான் சொல்றான்."

"கேட்டையும் எடுத்துட்டா, இந்த வீட்டுல எனக்கு என்னங்க வேலை?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அன்று மகனோடு போனில் பேசியபோது மட்டும் எட்மண்ட் சார் குரல் தெருவுக்குக் கேட்டது. ஒரு மாதத்தில் குட்டிக் கார் வந்தது.

முதல் நாள் அதில் டியூஷனுக்குப் போய்த் திரும்புகிறார். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். முனையில் நிறுத்தி அவர் போன் செய்வது தெரிந்தது. அவர் வீட்டுக்குள் மணி அடித்தது. எல்லாம் யோசித்துத்தான் வைத்திருக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார், தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்தார், இரண்டு கதவையும் விரியத் திறந்தார், ஒட்டி நின்று கையை அசைத்தார். "வரட்டும்... வரட்டும்..."

கார் வந்தது. அவர் புடவைத் தலைப்பை உரசுவதுபோலக் கடந்து, உள்ளே போய், பின்சுவருக்கு ஒரு சாணில் நின்றது. அக்கா இன்னும் தெருவைப் பார்த்தபடி கையை அசைத்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரும் இல்லை. "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்..." அக்கா என்று கூப்பிட, துணியைப் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் வந்தேன்.

எட்மண்ட் சார் இறங்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கையைத் தூக்கி, மெதுவாக, ஒரே ஒரு தடவை ஹார்னை அழுத்தினார்.

அக்காவின் கை நின்றது.

"போதும்" என்றார்.