சளி பிடித்த சுவர்க்கோழி

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அப்பா குளித்து முடிப்பதற்குள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கரை ஒளித்து வைத்தது. தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர். மகள் தரையில் குப்புறப் படுத்து ஒயரைச் சுவரோரமாக நுழைத்தாள். அம்மா குளியலறைக் கதவருகே காவல் நின்றாள்.

"சீக்கிரம் பாப்பா. சோப்புப் போட்டு முடிச்சாச்சு. தலைக்கு ஊத்தறாரு."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தண்ணி தலையில விழற சத்தம் வேற, தோள்ல விழற சத்தம் வேற. நீயெல்லாம் என்ன இன்ஜினியரு?"

மகள் இன்ஜினியர்தான். ஃபிரிட்ஜ் செய்யும் கம்பெனியில் அவற்றின் இரைச்சலை அளந்து குறைப்பது அவள் வேலை. "நான் சத்தம் போடறவ, நீ சத்தத்தை அடக்கறவ, கணக்கு சரியாப் போச்சு" என்று அம்மா சொல்வாள்.

தாழ்ப்பாள் விலகியது. மகள் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினாள். அப்பா துண்டோடு வெளியே வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?"

"என் செருப்பைத் தேடறோம்ங்க."

"அப்ப கால்ல கிடக்கறது என்ன, கம்மலா?"

அவர் சட்டை மாட்டி, நாளிதழை விரித்து, உட்கார்ந்து, காலை நீட்டிய பிறகுதான் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சுவர்க்கோழி 'கிர்ரிக், கிர்ரிக்' என்றது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அப்பா நாளிதழைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அவர் அலமாரியை நெருங்கியதும் சத்தம் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் சமையலறையில் தொடங்கியது.

அந்த வீட்டில் நிஜமான சுவர்க்கோழி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அம்மா கம்ப்யூட்டரில் பெற்றெடுத்தது.

அம்மா ஒரு காது மருத்துவமனையில் வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை, அப்பா மட்டும் வம்புக்கு 'டாக்டரம்மா' என்பார். கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோயாளி, காதில் ஹெட்போனும் கையில் பொத்தானுமாக. இந்தப் பக்கம் அம்மா. அவள் ஒரு 'பீப்' அனுப்புவாள். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அவள் ஊராருக்கு வாசித்துக் காட்டியது அந்த ஒரே ஒலியைத்தான். அங்கே அவளுக்குப் பெயரே 'பீப் அக்கா'.

பெண்டாட்டி சொல்வது காதில் விழவில்லை என்று வரும் ஆண்களில் பாதிப் பேருக்குக் காது பளிச்சென்று இருக்குமாம். வெளியே காத்திருக்கும் மனைவியைக் கூப்பிடுவதற்கு முன் அம்மா அந்த ஆளிடம் ரகசியமாகக் கேட்பாள்: "சொல்லுங்க, ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும்?" பலர் அங்கேயே குணமாகிவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற கையோடு மகளின் பழைய லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டாள். ஒலியை அடியிலிருந்து கட்டும் ஒரு இலவச மென்பொருளை அதில் இறக்கினாள். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் இழுக்க வேண்டும். ஒரு பெட்டி ஒலியலையை உண்டாக்கும். ஒன்று அதை வடிகட்டும். ஒன்று அதை எப்போது எழுப்பி எப்போது அமுக்குவது என்று பார்த்துக்கொள்ளும். "இத்தனை வருஷம் எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு பெட்டி. இப்பப் பாரு, கடையே போட்டிருக்கேன்" என்றாள்.

அவள் செய்த முதல் உருப்படி கொசு. அப்பாவின் அண்ணன் வந்தால் கிளம்ப மாட்டார். தான் கட்டும் வீட்டைச் செங்கல் செங்கலாக விவரிப்பார். அம்மா மெல்லிய ரீங்காரம் ஒன்றை எடுத்து, சுருதியைக் கொஞ்சம் தள்ளாட விட்டு, நெருங்கி வருவதுபோல் ஏற்றி, சட்டென்று அறுத்தாள். ஸ்பீக்கர் சோபாவுக்கு அடியில். பெரியப்பா தன் வீட்டுக் கதையில் மாடிப்படிக் கைப்பிடிக்கு வருவதற்குள் தன் கன்னத்தில் தானே இரண்டு அறை விட்டுக்கொண்டார்.

"உங்க வீட்ல கொசு ஜாஸ்தியா இருக்கே."

"சாயந்திரம் ஆனா பொறுக்கவே முடியாதுங்க," என்றாள் அம்மா, மகா வருத்தத்தோடு. அன்று அவர் டீக்குக்கூட நிற்கவில்லை.

அடுத்தது பழைய மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்கு ஒரு சங்கீதம். அதற்கு இசையமைப்பாளர் யாரும் கிடையாது. வரிசைதான் இசையமைக்கும். கூப்பிடும் டோக்கன் எண்ணைப் பொறுத்துச் சுரம் மாறும். அடுத்த ஆளைக் கூப்பிடத் தாமதமாக ஆக நடை தளரும். விதியை மட்டும் அம்மா எழுதினாள், மற்றதை நோயாளிகள் வாசித்தார்கள். பெரிய டாக்டருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் கூடத்தில் ஒப்பாரி கேட்கிறது என்று யாரோ சொல்லும்வரை.

"நான் டீ குடிக்கறது ஊருக்கே தெரியணுமாம்மா?"

"சீக்கிரம் குடிச்சீங்கன்னா கல்யாணப் பாட்டு மாதிரி இருக்கும் டாக்டர்."

மறுநாள் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார்கள்.

சுவர்க்கோழிதான் அவளுடைய பெரிய படைப்பு. சத்தம் சுலபம், ஒரு கூர்மையான ஒலியை மூன்று துண்டாக நறுக்கினால் போதும். எப்போது கத்துவது என்பதில்தான் வித்தை. எண்களைக் குலுக்கிப் போட்டுக் கத்த விட்டுப் பார்த்தாள். திருப்தி இல்லை. "இது பைத்தியக்காரப் பூச்சி. எனக்கு வன்மம் பிடிச்ச பூச்சி வேணும்" என்று விதிகளைச் சேர்த்தாள். காலடிச் சத்தம் மைக்கில் விழுந்தால் வாயை மூடு. இருப்பதிலேயே தூரமான ஸ்பீக்கருக்குப் போ. ஆள் உட்காரும்வரை பொறு. உட்கார்ந்த பிறகும் கொஞ்சம் பொறு, நம்பிக்கை வரட்டும்.

செருப்பு அலமாரி வேலை முடிந்த சில வாரங்களில் அம்மா போய்விட்டாள். இதயம். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் மகள் யாரிடமும் சொல்வதில்லை.

லீவு போட்டுவிட்டு அப்பாவுடன் தங்கினாள். லேப்டாப்பை யாரும் அணைக்கவில்லை. பூச்சி தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு 'கிர்ரிக்'குக்கும் மகள் பல்லைக் கடித்து, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். அப்பா முன்னால் உடைந்துவிடக் கூடாது. அப்பா நாளிதழை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். எழவில்லை. துக்கம், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலை அவள் டீயை வைத்தபோது அப்பா கேட்டார்: "ஏன் பாப்பா அதை நிறுத்திட்ட?"

"எதைப்பா?"

"பூச்சியை."

"எந்தப் பூச்சி?"

"நடிக்காத. கம்ப்யூட்டர் பூச்சி. செருப்பு அலமாரிக்குப் பின்னாடி ஒயர் தொங்குது, பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்துல மாட்டுது. நானும் எத்தனை தடவைதான் உள்ள தள்ளி விடறது?"

அவர் முதுகுக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில், சுவர்க்கோழி கத்தியது. கிர்ரிக், கிர்ரிக். அப்பா அசையவில்லை. அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.

மகளுக்குப் புரிந்தது. அப்பா ஆயுள் முழுக்க நாளிதழ் அச்சடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். அந்த வேலை காதின் மேல்சுருதியைத்தான் முதலில் தின்னும்.

"கெட்டுப் போச்சுப்பா," என்றாள். "சரி பண்ணிடறேன்."

"பண்ணும்மா. எல்லாரும் வந்து எங்கிட்ட மெதுவாப் பேசிட்டுப் போறாங்க. அது ஒண்ணுதான் எங்கிட்ட வம்பு பண்ணிட்டு இருந்துச்சு."

அன்று லேப்டாப்பைத் திறந்தாள். அம்மா பழைய வடிவங்களை அழிக்காமல் வைத்திருந்தாள். முதல் கோப்பின் பெயர் 'பூச்சி'. அடுத்தது 'பூச்சிக்குச் சளி'. பிறகு 'பூச்சிக்குத் தொண்டை கட்டு'. கடைசியாக 'பூச்சி பெரியப்பா குரலில்'. ஒவ்வொன்றிலும் சுருதி முந்தையதைவிடக் கீழே. பூச்சியின் குரல் கரகரத்து வருவதை மகளும் கவனித்து, ஏன் என்று கேட்டிருக்கிறாள். "அதுக்கும் வயசாகுது இல்ல?" என்று அம்மா மழுப்பியிருந்தாள். அப்பாவின் காது இறங்க இறங்க, அவள் பூச்சியையும் பின்னாலேயே இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சரி, இன்னும் கொஞ்சம் இறக்கினால் ஆயிற்று. இறக்கினாள். அப்பா பக்கத்தைத் திருப்பினார். இன்னும் இறக்கினாள். அப்பா கொட்டாவி விட்டார். வெறுத்துப் போய் ஒரேயடியாக இறக்கியதும் நாளிதழ் தாழ்ந்தது.

"யாருக்கு வயிறு சரியில்ல?"

"பூச்சிப்பா."

"தவளை. உங்கம்மா பூச்சியை எனக்குத் தெரியாதா? மரியாதையா அதைக் கொண்டா."

சற்று ஏற்றினாள். அப்பாவுக்குக் கேட்கவில்லை. இறக்கினாள், தவளை. பூச்சியாக இருந்தால் அவருக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டால் அது பூச்சியாக இல்லை. ஒன்று மட்டும் அவளுக்கு உதைத்தது. அம்மாவின் கடைசிப் பூச்சிக்கும் இந்தத் தவளைக்கும் இடையே அவ்வளவு தூரம். சில வாரங்களில் யார் காதும் இவ்வளவு இறங்காது. அப்படியானால் இத்தனை நாள் அப்பா நாளிதழைச் சுருட்டிக்கொண்டு சரியான மூலைக்கு ஓடியது எப்படி?

யோசித்துக்கொண்டிருந்தபோதே ஃபோன் வந்தது. காது மருத்துவமனையிலிருந்து, அம்மா இடத்துக்கு வந்திருக்கும் அக்கா. துக்கம் விசாரித்தாள். பிறகு தயங்கினாள்.

"ஐயாவுக்கு வியாழக்கிழமை குறிச்சு வெச்சிருந்தோம்மா. பீப் அக்காதான் சொல்லியிருந்தாங்க. வருவீங்களா?"

"எதுக்குக்கா? அம்மாவே வீட்ல சோதிப்பாங்களே."

"அதுதாங்க வினை. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவோம், நோயாளி உங்க மூஞ்சியைப் பார்க்கக் கூடாதுன்னு. எனக்கு அதைச் சொல்லித் தந்ததே அக்காதான். அவங்க என்ன பண்ணியிருக்காங்க, ஐயாவைச் சாப்பாட்டு மேஜையில நேரெதிரா உட்கார வெச்சு வருஷா வருஷம் சோதிச்சிருக்காங்க. அவர் காதுல விழாத பீப்புலயும் பாதிக்கு டாண் டாண்ணு அழுத்தியிருக்கார். ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சிருக்கு. 'இத்தனை நாள் என்னை ஏமாத்தியிருக்காருடி, நீ அவரை முதுகைக் காட்டி உட்கார வெச்சுப் பாரு'ன்னாங்க. சொல்லிட்டு ஒரே சிரிப்பு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு."

மகள் ஃபோனை வைத்துவிட்டு நேராக அப்பாவிடம் போனாள். பெரியப்பா குரலில் இருந்த பூச்சியை மறுபடி ஓட விட்டிருந்தாள்.

"அப்பா, உங்களுக்குப் பூச்சி சத்தம் கேட்டதே இல்லையா?"

அப்பா டீயை உறிஞ்சினார். "கேட்டுது. முதல்ல எல்லாம் நல்லாவே கேட்டுது. அப்புறம் இல்ல."

"அப்புறம் எப்படி ஓடினீங்க?"

"உங்கம்மா மூஞ்சி இருக்கே. அது கத்தினா உதட்டைக் கடிப்பா. எல்லாப் பக்கமும் பார்ப்பா, அது கத்தற பக்கம் மட்டும் பார்க்க மாட்டா. அங்க போனா போதும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? பாவம்னு நிறுத்திடுவா. இல்லன்னா காதுல மெஷினை மாட்டி விட்டுடுவா, டாக்டரம்மா." டம்ளரைக் கீழே வைத்தார். "ஓடுதா நின்னுடுச்சான்னு உன்னைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். உன் மூஞ்சியில ஒண்ணுமே தெரியல. அதான் நின்னுடுச்சுன்னு நினைச்சேன்."

அப்போது பார்த்துச் சமையலறையில் பூச்சி கத்தியது. பெரியப்பாவின் அதே அடித்தொண்டை. முகத்தை இறுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வர, அவசர அவசரமாக ஜன்னலைப் பார்த்தாள்.

அப்பா அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு நாளிதழைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குக் கிளம்பினார்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம்ப்பா," என்று அவர் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "அம்மா சொல்லி வெச்ச வேலை."

"முதுகைக் காட்டியெல்லாம் உட்கார மாட்டேன். அது என்ன மரியாதை?"

"முதுகைக் காட்டணும்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

அந்த நேரம் பார்த்து அவருக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அப்பாவுக்குப் பல் வலி. அடுத்த வியாழக்கிழமை முழங்கால். அதற்கடுத்த வியாழக்கிழமை அண்ணன் வருவதாகச் சொன்னார், அண்ணன் வரவில்லை. ஆஸ்பத்திரி அக்கா நாளைத் தள்ளித் தள்ளிக் குறித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா எடுத்த வேலை எதையும் பாதியில் விட்டவள் இல்லை. இந்தச் சோதனை ஒன்றுதான் பாக்கி.